எட்டு கிலோ இரும்பு

ஐப்பசி மழையில் பிரிஸில்லாவின் இடது மணிக்கட்டு உடைந்தது. பாளையங்கோட்டையில் அவள் வேலை பார்க்கும் அரசு அலுவலகத்தின் படிக்கட்டில் யாரோ ஈரக் குடையை உதறிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தத் தண்ணீரில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தாள். மாவுக்கட்டைப் பிரித்த பிறகு எலும்பு டாக்டர் இன்னொரு பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். அதன் முடிவைப் பார்த்துவிட்டு, "எலும்பு அடர்த்தி குறைஞ்சிருக்கும்மா. ஐம்பதைத் தாண்டின பொம்பளைங்களுக்கு வாரதுதான். மாத்திரை தாரேன். ஆனா மாத்திரை மட்டும் போதாது, வெயிட் தூக்கணும்" என்றார்.

"வெயிட்டா? எவ்வளவு?" என்று கேட்டது பிரிஸில்லா இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் கணவர் எஸ்றா.

எஸ்றா மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். நல்ல மனிதர். குடி, சீட்டு எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முதல் மணி அடிப்பதற்குள் சட்டையை மாட்டிவிடுவார். ஆனால் ஒரு பொருள் வாங்குவதென்றால் அவரோடு யாரும் இருக்க முடியாது. மிக்ஸி பழுதானபோது புதிது வருவதற்குள் மழைக்காலம் ஒன்று கழிந்தது. அதுவரை பிரிஸில்லா அம்மியில் அரைத்தாள். ஃபிரிட்ஜுக்கு ஒரு கோடை முழுதும் போனது. எல்லாவற்றிலும் கடைசியில் அவர் வாங்கியது நல்ல பொருளாகத்தான் இருக்கும். அதனால் வாயைத் திறந்து குறைசொல்லவும் முடியாது.

டாக்டர் சொன்னபடி பிரிஸில்லா கொஞ்ச நாள் பிசியோதெரபிக்குப் போனாள். அங்கே இருந்த விஜயஸ்ரீ என்ற பெண்தான் முதன்முதலாக அவள் முன்னால் ஒரு கெட்டில்பெல்லை வைத்தாள். மேலே வளைந்த கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. பார்ப்பதற்கு கோயில் கதவுப் பூட்டு மாதிரி இருந்தது.

"குனியாதீங்க மேடம். இடுப்பைப் பின்னால தள்ளுங்க. ரெண்டு கையாலயும் பிடிங்க. இப்பப் பாதத்தால தரையை மிதிச்சு எந்திரிங்க."

பிரிஸில்லா எழுந்தாள். குண்டும் கூடவே எழுந்தது. ஆறு கிலோதான். ஆனால் அந்தக் கனம் கை வழியாக முதுகுக்கும் தொடைக்கும் இறங்கி, குதிகாலில் போய் நின்றதை அவளால் உணர முடிந்தது. விழுந்த நாளிலிருந்து மாடிப்படி, குளியலறை, ஈரத்தரை எதைப் பார்த்தாலும் அவளுக்கு நெஞ்சு பதறிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் தரை தன்னைத் தாங்குகிறது என்று தோன்றியது. இன்னொரு முறை தூக்கினாள். இன்னொரு முறை. விஜயஸ்ரீ போதும் என்று சொல்லும்வரை விடவில்லை.

"வீட்டுக்கு ஒண்ணு வாங்கிக்கிடுங்க மேடம். ஆறோ எட்டோ. கைப்பிடிக்குள்ள ரெண்டு கையும் தாராளமாப் போகணும், அடி தட்டையா இருக்கணும். அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து சொன்னாள். எஸ்றா உற்சாகமாகிவிட்டார்.

"நீ கவலைப்படாத. நான் பாத்து வாங்குதேன்."

கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்னால் வரும் அட்வெந்து முதல் ஞாயிறுக்கு முந்தின வாரம் அது. அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையின் பாதி லேப்டாப்புக்குப் போனது. பிரிஸில்லா ஆபீஸ் விட்டு, நெரிசலில் பஸ் பிடித்து சமாதானபுரத்தில் இறங்கி, காய்கறியோடு உள்ளே நுழையும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"இங்க வா, இதப் பாரு. இரும்புன்னு பொதுவாச் சொல்லிரக் கூடாது. வார்ப்பிரும்புலயே பெயிண்ட் அடிச்சது இருக்கு, பவுடர் கோட்டிங் போட்டது இருக்கு. பெயிண்ட்டு வேர்வையில வழுக்கும். மேல வினைல் போத்தினது ஒண்ணு இருக்கு, தரைக்கு நல்லது, ஆனா நாளாக நாளாகக் கிழியுமாம். பிளாஸ்டிக்குக்குள்ள சிமெண்ட்டைக் கொட்டினது வேண்டவே வேண்டாம். அப்புறம் போட்டியில தூக்குதது தனி, அது ஸ்டீலு. நாலு கிலோன்னாலும் முப்பது கிலோன்னாலும் ஒரே சைஸுல இருக்கும்..."

"ஏங்க, ஆறு கிலோவுல ஒரு இரும்புக் குண்டு. அதுக்கு எதுக்கு இவ்வளவு?"

"எலும்பு சமாச்சாரம்லா. எடுத்தோம் கவுத்தோம்னு வாங்க முடியுமா?"

"எலும்பு யாருக்குங்க?"

"உனக்குத்தான். அதனாலதான சொல்லுதேன்."

அவர் அவளைப் பார்க்காமலே சொன்னார். திரையில் ஒரு வெள்ளைக்காரன் கைப்பிடியின் தடிமனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

கிறிஸ்துமஸ் வந்து போனது. பெங்களூரில் வேலையாக இருந்த மகன் பாக்கியசீலன் லீவுக்கு வந்து, அப்பாவோடு உட்கார்ந்து இன்னும் நாலு வகையைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுப் போனான். அதற்குள் பிரிஸில்லாவின் பிசியோதெரபி முடிந்திருந்தது. மணிக்கட்டு மறுபடி இறுக ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல் சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். வழியில் விஜயஸ்ரீயைப் பார்த்தபோது, "வாங்கிட்டீங்களா மேடம்?" என்று அவள் கேட்டாள். "பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள் பிரிஸில்லா. சொல்லும்போதே முகம் சுட்டது.

பொங்கல் முடிந்து ஒரு பெட்டி வந்தது. பெரிய பெட்டி. எஸ்றா கத்தரிக்கோலால் பார்த்துப் பார்த்துப் பிரித்தார். உள்ளே இருந்தது கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒரு கூடு. அதற்குள் அடுக்கடுக்காகத் தட்டுகள். தலையில் ஒரு திருகு.

"ஒண்ணுதான். ஆனா ஆறு வெயிட்டு! இதத் திருப்பினா நாலு, இன்னும் திருப்பினா ஆறு, எட்டு, பத்துன்னு போகும். நாளைக்கு உனக்குப் பலம் கூடினா வேற வாங்க வேண்டாம் பாத்துக்க."

பிரிஸில்லா தூக்கினாள். உள்ளே தட்டுகள் லொடலொடவென்று ஆடின. கைப்பிடி தடியாக இருந்தது. அவள் விரல்கள் சுற்றி வந்து சேரவில்லை. சொன்னாள். "புதுசுல அப்படித்தான் இருக்கும்" என்றார். மறுநாளும் அதற்கு மறுநாளும் தூக்கினாள். ஒரு காலையில் இடுப்பளவு வந்தபோது உள்ளே 'டக்' என்று சத்தம் கேட்டது. அடியிலிருந்த தட்டு கழன்று விழுந்தது. அவள் கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் டைல்ஸ் நட்சத்திரமாக உடைந்தது.

எஸ்றா ஓடி வந்தார். முதலில் அவள் காலைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பிறகு திருகைப் பார்த்தார்.

"நீ எட்டுக்கும் பத்துக்கும் நடுவுல வச்சிருக்க. முழுசாத் திருப்பினா ஒரு கிளிக் கேக்கும். கேட்டுச்சா?"

பிரிஸில்லா ஆபீசுக்குக் கிளம்பிப் போனாள். பஸ்ஸில் நின்றுகொண்டே கால் பெருவிரலைக் குனிந்து குனிந்து பார்த்தாள். உடைந்திருந்தால்? மறுபடி மாவுக்கட்டு, மறுபடி லீவு, மறுபடி அவர் கையைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப் போவது. இந்த லட்சணத்தில் கிளிக் கேட்டதா என்று வேறு விசாரணை.

அதைத் திருப்பி அனுப்ப எஸ்றா பட்ட பாடு தனிக்கதை. கஸ்டமர் கேரில் இந்தியில் பேசியவனோடு இங்கிலீஷில் சண்டை போட்டார். தட்டைப் படம் எடுத்து அனுப்பினார், டைல்ஸைப் படம் எடுத்து அனுப்பினார். வீட்டில் பேச்சே அதுதான். பிரிஸில்லாவின் கையைப் பற்றி அந்த நாட்களில் ஒருவரும் பேசவில்லை.

அடுத்தது, ஈஸ்டருக்கு முந்தின நோன்பு தொடங்கும் சாம்பல் புதன் சமயத்தில் வந்தது. இது போட்டிகளில் தூக்கும் வகை. ரோஸ் நிறத்தில், பளபளவென்று, தேங்காயைவிடப் பெரிதாக இருந்தது. எட்டு கிலோதான், ஆனால் முப்பத்திரண்டு கிலோவுக்கும் அதே உருவம்தான் என்று எஸ்றா பெருமையாகச் சொன்னார்.

"உள்ள பொள்ளலா வார்த்திருக்கான். சுத்தமான வேலை. மில்லிமீட்டர் கூட மாறாது."

வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கைப்பிடிக்குள் ஒரு கைதான் போனது. இரண்டாவது கையை நுழைத்தால் விரல்கள் ஒன்றையொன்று நசுக்கின. ஒற்றைக் கையால் தூக்கி மார்புக்குக் கொண்டுவந்தால் அந்தப் பெரிய குண்டு திரும்பி, சரியாக உடைந்த இடத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. பிரிஸில்லா பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கி வைத்தாள்.

"இது எனக்கு ஆகாதுங்க. ரெண்டு கையும் போகணும்னு அந்தப் பிள்ள முதல்லயே சொல்லிச்சு."

"ரஷ்யாவுல எல்லாரும் இதத்தான் தூக்குதாங்க."

"அவங்களுக்குக் கை உடைஞ்சிருக்கா?"

"பழகிரும் பிரிஸில்லா. ஒரு பேண்டு சுத்திக்கிட்டா..."

அன்று சாயங்காலம் மகனுக்குப் போன் போட்டாள். சீலன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மா, அப்பா உன் நல்லதுக்குத்தான் இவ்வளவு மெனக்கெடுதாங்க. கொஞ்சம் பொறுமையா இரேன்" என்றான். பிரிஸில்லா போனை வைத்துவிட்டு அடுக்களையில் போய் அரிசியைக் களைந்தாள். பொறுமையாக இல்லாமல் அவள் இதுவரை என்னதான் செய்துவிட்டாள்?

"நான் கடைக்குப் போய் நேர்ல பாத்து வாங்குதேன்" என்று மறுநாள் சொன்னாள்.

"அதுவும் சரிதான்" என்றார் எஸ்றா. "சனிக்கிழமை ரெண்டு பேரும் போவோம்."

ஜங்ஷன் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. கடைக்காரர் அகமது மீரான், வெள்ளைத் தொப்பியும் மூக்குக்கண்ணாடியுமாக, வாசலிலேயே எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க சார், வாங்க. என்ன பாக்கீங்க?"

"கெட்டில்பெல்" என்றாள் பிரிஸில்லா.

"சாருக்கா?"

"எனக்கு."

அகமது மீரான் எஸ்றாவைப் பார்த்துச் சிரித்தார். "அம்மாவுக்குன்னா இந்த ரோஸ் கலர் பிளாஸ்டிக்கு நல்லா இருக்கும் சார். நாலு கிலோ. லேடீஸெல்லாம் இதத்தான் கொண்டு போறாவ."

"அதுக்குள்ள சிமெண்ட்டு. வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எஸ்றா சட்டைப் பையிலிருந்து, தடிமன் அளக்கும் வெர்னியர் காலிப்பரை எடுத்தார். பிரிஸில்லாவுக்கு அப்போதுதான் தெரியும், அவர் அதைக் கொண்டு வந்திருக்கிறார் என்று. ஒவ்வொரு கைப்பிடியாக அளந்தார். அகமது மீரானுக்கும் சுவாரசியம் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் குனிந்து நின்று லூதியானா வார்ப்பு எப்படி, கோயம்புத்தூர் வார்ப்பு எப்படி என்று பேச ஆரம்பித்தார்கள். டீ வந்தது. அவளுக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

பிரிஸில்லா டம்ளரை வைத்துவிட்டு மூலைக்குப் போனாள். அங்கே தரையில், ஸ்கிப்பிங் கயிறுகளுக்குப் பின்னால், கறுப்பாக நாலைந்து குண்டுகள் தூசியோடு கிடந்தன. சாதாரண வார்ப்பிரும்பு. 8 என்று எழுதியிருந்ததன் முன்னால் போய் நின்றாள். கைப்பிடி அகலமாக இருந்தது. இரண்டு கையும் போனது, இன்னும் விரலளவு இடம் மிச்சம் இருந்தது. இடுப்பைப் பின்னால் தள்ளி, தரையை மிதித்து எழுந்தாள். ஆடாமல், சத்தமில்லாமல் வந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தக் கனம் குதிகாலில் வந்து நின்றது.

"ஏங்க, இது போதும். இதே இருக்கட்டும்."

எஸ்றா வந்து கைப்பிடியின் அடியில் விரலை ஓட்டினார். "இங்கன பாரு, வார்ப்புத் தழும்பு. உள்ளங்கையக் கிழிச்சிரும். அரைச்சு விடாம அனுப்பியிருக்கான். எட்டுன்னு போட்டிருக்கான், ஏழரைதான் இருக்கும். இது வேண்டாம்."

"எனக்குப் பிடிச்சிருக்கு."

"பிடிச்சா ஆச்சா? என் சினேகிதன் ஒருத்தன் கோயம்புத்தூர்ல இரும்பு வார்க்குத ஃபவுண்டரி வச்சிருக்கான்லா, அவன்ட்டச் சொல்லி அளவு குடுத்தே வார்த்து வாங்கிருவோம்." அகமது மீரான் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, வாரோம். ரொம்ப சந்தோஷம்."

வெறுங்கையோடு காரில் ஏறினார்கள். சுலோச்சன முதலியார் பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. முன்னால் ஒரு டவுன் பஸ் நகரவே இல்லை. எஸ்றா ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே பேசினார்.

"அவன் அச்சு செய்யவே ஒரு மாசம் ஆகும். ஆனா ஒரு தடவ செஞ்சா ஆயுசுக்கும் இருக்கும். முப்பத்து மூணு மில்லிமீட்டர் வைக்கச் சொல்லவா, முப்பத்து அஞ்சா? என்ன சொல்லுத?"

பாலத்துக்குக் கீழே ஆற்றில் தண்ணீர் குறைந்து, ஆகாயத்தாமரை ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. பிரிஸில்லா மடியிலிருந்த கைப்பையைத் தோளில் மாட்டினாள். கதவைத் திறந்து இறங்கினாள்.

"ஏ, எங்க போற? பிரிஸில்லா! நடுப்பாலத்துல..."

"நீங்க வீட்டுக்குப் போங்க."

கதவைச் சாத்திவிட்டு நடைபாதையில் வந்த வழியே நடந்தாள். பின்னால் அவர் ஹாரன் அடித்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் அடித்தார்கள். அவள் திரும்பவில்லை. கைப்பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

அகமது மீரான் டீ டம்ளர்களை இன்னும் எடுக்கவில்லை. "என்னம்மா, எதும் விட்டுட்டுப் போயிட்டீங்களா? சார் வரலையா?"

"அந்த எட்டு கிலோ. பில் போடுங்க."

"சார் வேண்டாம்னுட்டாவளே?"

"தூக்கப் போறது நான்."

அவர் குண்டைத் துடைத்து ஒரு துணிப்பைக்குள் போட்டுக் கொடுத்தார்.

வாசலில் ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்றாள். பஸ்ஸில் உட்கார இடமில்லை. பையைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு நின்றாள். கண்டக்டர் தெரியாமல் அதில் இடித்துக்கொண்டு, "என்னம்மா உள்ள, அம்மிக்குழவியா?" என்றார். சமாதானபுரத்தில் இறங்கி நடக்க ஆரம்பித்தபோது பையின் காது கிழிந்தது. பையைச் சுருட்டிக் கைப்பையில் திணித்துவிட்டு இரும்பைக் கைப்பிடியில் பிடித்துத் தூக்கினாள். வலது கை வலித்தால் இடது கைக்கு மாற்றினாள். இடது கை வலித்தால் கீழே வைத்து நின்றாள். தெரு முக்கில் ஆட்டோ ஓட்டும் இசக்கிதுரை அவளைப் பார்த்துவிட்டுக் கூடவே பைய, நடைவேகத்துக்கு வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான்.

"யக்கா, ஏறுங்க. சும்மா கொண்டு விடுதேன்."

"வேண்டாம் துரை."

"யாரும் பாத்தா என்னையில்லா ஏசுவாங்க."

"ஏசினா என்ட்ட வரச் சொல்லு."

வீட்டு வாசலில் எஸ்றா நின்றுகொண்டிருந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அவளைக் கண்டதும் கேட்டைத் திறக்க வந்தவர், திறக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"போன் ஏன் எடுக்கல?"

"எடுக்கத் தோணல."

"வண்ணார்பேட்டை வரைக்கும் போய்த்தான் வண்டியத் திருப்ப முடிஞ்சுது. திரும்பி வந்து பாக்கேன், பாலத்துல உன்னக் காணோம். எறங்கி..." அவர் நிறுத்தி, கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "கைப்பிடிச் சுவர்லருந்து கீழ எட்டிப் பாத்தேன். அந்தப் பக்கம், இந்தப் பக்கம். குளிச்சிக்கிட்டு இருந்தவன்ட்டக் கூட கேட்டேன்."

பிரிஸில்லா இரும்பைக் கீழே வைத்தாள். அவர் அப்படி நினைத்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"கடைக்குத்தான் போயிருப்பேன்னு தெரியலையா?"

எஸ்றா அவளைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். உண்மையைத்தான் சொன்னார்.

"இல்ல. அது தோணல."

"ஆத்துல விழுந்திருப்பேன்னு தோணுது. ஒரு சாமான நானே போய் வாங்கியிருப்பேன்னு தோணல."

எஸ்றா கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"இத்தன மாசமா அதத்தாங்க சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றாள் பிரிஸில்லா. அழக்கூடாது என்று கேட்டைத் தள்ளினாள். அவர் விலகிக்கொண்டார். குனிந்து இரும்பை எடுக்கப் போனார்.

"அதத் தொடாதீங்க."

தொடவில்லை. அவளே எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இத்தோடு எல்லாம் சரியாகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் காலை ஆலயத்துக்குப் போகச் சேலை கட்டும்போது இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. திங்கட்கிழமை விஜயஸ்ரீயிடம் காட்டினாள். அவள் அழுத்திப் பார்த்துவிட்டு, "உடையல. ஆனா நல்லாப் பிசகியிருக்கு. எட்டு கிலோவ இந்தக் கையில பிடிச்சுக்கிட்டு யாரு மேடம் உங்கள அவ்வளவு தூரம் நடக்கச் சொன்னா?" என்று கேட்டாள். குருத்தோலை ஞாயிறு முடியும்வரை எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகும் ஆறு கிலோவில்தான் தொடங்க வேண்டுமாம். "எட்டத்தான் வாங்கியாச்சு" என்றாள் பிரிஸில்லா. "அப்ப ரெண்டு கையால, குறைச்சுக் குறைச்சுத் தூக்குங்க. ஒத்தைக் கை வேண்டவே வேண்டாம்."

வீட்டுக்கு வந்து எஸ்றாவிடம் சொன்னாள். சொல்லிக்காட்டுவார் என்று தயாராக இருந்தாள். பதிலும் தயாராக வைத்திருந்தாள். அவர் "சரி" என்றார். வெந்நீர்ப் பையை எடுத்து வந்து வைத்தார். அதுவும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆறு நாள் கழித்து ஒரு சாயங்காலம், கையில் அரத்தோடு வந்து அறை வாசலில் நின்றார்.

"அந்தத் தழும்ப மட்டும் தேச்சுத் தரட்டா? சின்ன வேலைதான்."

வாங்கி வைத்த நாளிலிருந்து அவர் அதன் பக்கத்திலேயே போகவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் மனசு இளகவில்லை.

"வேண்டாம்."

"வேண்டாம்னா வேண்டாம்" என்று அரத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

மேசையில் லேப்டாப் இருந்த இடத்தில் தட்டுகள் திரும்பி வந்தன. பேச்சு குறைந்தது. கோயம்புத்தூர் சினேகிதன் போன் பண்ணினபோது எஸ்றா வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று அவள் கேட்கவில்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் காலை பிரிஸில்லா பின்னறையில் சேலையைக் கழற்றிவிட்டுச் சுடிதார் போட்டுக்கொண்டாள். இரும்பை ஜன்னலுக்கு நேராக நகர்த்தினாள். கால்களை அகட்டி நின்று இரண்டு கையாலும் பிடித்தாள். மணிக்கட்டு லேசாக முணுமுணுத்தது. தாங்கும் என்று தோன்றியது. தூக்கினாள்.

நிமிர்ந்தபோது கதவிடுக்கில் எஸ்றாவின் முகம் தெரிந்தது.

"பைய... பைய..."

"கதவச் சாத்துங்க" என்றாள்.

சாத்தினார். அவர் செருப்புச் சத்தம் கூடத்தைத் தாண்டிப் போகும்வரை நின்றுவிட்டு, பிரிஸில்லா இடுப்பைப் பின்னால் தள்ளி இரும்பைத் தரையில் வைத்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் எடுத்தாள்.